எங்க ஊரு மண்ணு கரையாது

பைய அப்படி நட்டமா நிறுத்தாதிய தம்பி, வண்டிக் கூரையில இடிக்கும். இது இனிமேதான் குதிக்கவே ஆரம்பிக்கும். படுக்கப் போடுங்க. ஒரு முனை என் மடியில கெடக்கட்டும், பாதகமில்ல. நாயனந்தான? பை நீளத்தப் பாத்த உடனே தெரிஞ்சுக்கிட்டேன். எத்தன கல்யாணத்துல பாத்திருக்கேன். நான் தவசுப்பிள்ளை தம்பி, கல்யாண வீட்டுச் சமையல். ஆறுமுகநயினார்னு சொன்னா இந்தப் பக்கம் பச்சப்பிள்ளைக்கும் தெரியும். நாயனக்காரவுகளுக்கு நான் எப்பவும் மொதப் பந்தியிலயே எலை போட்டுருவேன். பசிச்ச வயித்தோட ஊதுனா வெறுங்காத்துதான வரும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், களைச்சுப் போயிருக்கிய, மொகத்துலயே தெரியுது. நான் பேசுதேன், நீங்க கேட்டுக்கிட்டு வாங்க.

ஏறும்போது கண்டக்டர்ட்ட கேட்டிய பாத்தியளா, கரிசக்குளத்துக்கு எதுக்கு இப்படி ஊரச் சுத்திப் போகுதுன்னு. அவன் என்ன சொன்னான்? பாலம் போச்சுன்னான். அவ்வளவுதான் சொல்லத் தெரியும் அவனுக்கு. பாலம் எப்படிப் போச்சு, யாரால போச்சுன்னு அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். முழுசாத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

எங்க ஊரு செவக்காடு. ஓடைக்கு அந்தப் பக்கம் கரிசக்குளம். எங்க பக்கம் பூரா செம்மண்ணு, அவுங்க பக்கம் பூரா கரிசல். நடுவுல பாலம். நான் எங்க கரையில நின்னு தும்முனா, அந்தக் கரையில இருந்து என் மச்சான் தெய்வநாயகம் நூறுன்னு சொல்லுவான். அவ்வளவு பக்கம். மச்சான்னா என் பொண்டாட்டி பிரமுவுக்குக் கூடப்பிறந்த தம்பி. நல்லவன்தான், ஆனா வாய் இருக்கே, அது மட்டும் தனியாப் பொறந்தது. எங்க ஊரு மண்ணு ஒட்டாத மண்ணு, கையில அள்ளுனா விரலுக்கு நடுவுல ஒழுகிரும், அந்த மண்ணுல வெளஞ்சதத் தின்னவன் பேச்சும் அப்படித்தான் ஒழுகும்பான். என்னைப் பாத்தா ஒழுகுத பேச்சுக்காரன் மாதிரியா தெரியுது?

என் மக வடிவுக்கும் அவன் மகன் சங்கரலிங்கத்துக்கும் கல்யாணம் பேசுனோம். மாமன் மகன், முறை மாப்பிள்ளை, பிள்ளைக ரெண்டுக்கும் இஷ்டம். ஒரு குறையும் இல்ல. எந்த ஊருல வச்சு நடத்தன்னுதான் தகராறு. அவன் ஊருல புதுசா மண்டபம் கட்டியிருக்கான், அங்கனதாம்பான். பொண்ணு எனக்கு, சமைக்கிறவன் நான், என் அடுப்பு எங்க ஊருல, நான் எப்படி அண்டாவத் தூக்கிக்கிட்டு அங்கன போவேன்? அவன் வீட்டுல வச்சுப் பேச நான் போகமாட்டேன், என் வீட்டுல வச்சுப் பேச அவன் வரமாட்டான். கடைசியில பாலத்துக்கு நட்ட நடுவுல ஜமுக்காளத்த விரிச்சு உக்காந்து பேசுனோம். வெத்தலைத் தட்டு நடுவுல. பஸ்சு வந்துச்சுன்னா எந்திரிச்சு, ஜமுக்காளத்தச் சுருட்டி, வழி விட்டுட்டு, மறுபடியும் விரிப்போம். டிரைவரு ஒருத்தரும் கோவப்படல. கல்யாணப் பேச்சுலா!

அந்த நேரம் பாத்துத்தான் அந்த வேன் வந்துச்சு. மெர்சி மேடம்னு ஒரு இன்ஜினியரு அம்மா, கூட ரெண்டு ஆளு. பாலத்துத் தூணச் சுத்தி ஓடைக்குள்ள மண்ணு எப்படின்னு பாக்க வந்தாவளாம். வெள்ளம் வந்தா தூணுக்கு அடியில மண்ணப் பறிக்கும்லா? அது எந்த வேகத்துத் தண்ணிக்குக் கைய விடும், எது வரைக்கும் தாக்குப் பிடிக்கும்னு அளந்து பாக்க ஒரு மிஷினு. வேனுக்குள்ள நீளமா ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு தலைப்புல மோட்டாரு. ஓடைத் தரையில இரும்புக் குழாய அமுக்கி, குழல்ல இருந்து புட்டு எடுக்க மாதிரி மண்ண முழுசா எடுப்பாவ. அந்த மண்ணு தொட்டிக்கு அடியில இருந்து துளிப்போல தலை காட்டும். மேல தண்ணிய ஓட விடுவாவ. மொதல்ல மெதுவா, பொறவு வேகமா. அவ்வளவுதான் வேலை.

மேடம் எங்க ஜமுக்காளத்துலயே உக்காந்து, வெத்தலத் தட்டுல இருந்து கல்கண்டு எடுத்துத் தின்னுக்கிட்டே எல்லாம் வெளக்கமாச் சொன்னாவ. ரெண்டு கரைத் தூணுப் பக்கமும் வெள்ளப் பெயிண்டு அடிச்ச குச்சி நட்டுருக்கோம், அடுத்த வாரம் அந்த இடத்துலதான் மண்ணு எடுப்போம்னாவ. அதுக்குப் பொறவு வேற என்னமோ சொன்னாவ, எந்தப் பக்கம் மோசமோ அந்தப் பக்கம்னு என்னமோ. நான் அதச் சரியாக் கேக்கல. ஏன்னா மச்சான் சிரிக்க ஆரம்பிச்சுட்டான். "அத்தான், இனிமே நம்ம பேச வேண்டியது ஒண்ணுமில்ல. எந்தக் கரை மண்ணு நிக்கோ அந்தக் கரையில கல்யாணம். சம்மதமா?"ன்னு கேட்டான். பிரமு என் துண்டப் புடிச்சு இழுத்தா, பேசாம இரிங்கன்னா. ரெண்டு ஊரு ஆளும் நின்னு பாக்கு தம்பி. நான் என்ன சொல்ல முடியும்? சம்மதம்னேன்.

வீட்டுக்கு வார வழியில ஓடையில எறங்கி மண்ண ஒரு கையி அள்ளிப் பாத்தேன். ஒழுகுச்சு. ஒழுகட்டும், அதுக்குப் பேரு பக்குவம் இல்லாத மண்ணு. பச்சரிசி மாவுல அப்படியே அதிரசம் தட்ட முடியுமா? பாகு ஊத்தணும்லா? மாவு அதே மாவுதான். பாகு ஊத்துனதால அது வேற மாவு ஆயிருமா? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், இருங்க, முடிச்சிருதேன்.

நம்ம பாட்டன் பூட்டன் கோயிலும் கொத்தளமும் எதை வச்சுக் கட்டுனான்? கடுக்காத் தண்ணி, சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டை வெள்ளக்கரு. எல்லாம் சமையக்கட்டுச் சாமான். பட்டப்பகல்ல, ஊரு பாக்க, ஓடைக்குள்ள ரெண்டு அண்டாவ எறக்குனேன். குச்சி நட்ட இடத்தச் சுத்தி ஆள் ஆழத்துக்குத் தோண்டி, மண்ண மேல எடுத்துச் சலிச்சு, கம்பிப் பதத்துல பாகு காய்ச்சி, அடுக்கு அடுக்கா ஊத்தி, உலக்கையால இடிச்சு, குச்சிய இருந்த மாதிரியே திரும்ப நட்டுட்டேன். நான் சைவம் தம்பி, முட்டைய ஏறெடுத்துப் பாக்கமாட்டேன். ஆனா மண்ணுக்கு ஏது சைவம்? கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஊத்துனேன்.

மச்சான் பாலத்து மேல இருந்து எட்டிப் பாத்தான். "என்னத்தான், ஓடைக்கா சமைக்கிய?"ன்னான். ஓடைக்காரி அம்மனுக்குப் படையல்டேன்னேன். அப்படி ஒரு அம்மன் எங்க ரெண்டு ஊருலயும் கிடையாது. அவன் கீழ எறங்கி வந்து, செருப்பக் கழத்திப் போட்டுட்டு, அண்டாவப் பாத்து விழுந்து கும்பிட்டான். ஒரு கரண்டி பிரசாதம் கேட்டான் பாருங்க, அப்பத்தான் எனக்குக் கொஞ்சம் வேர்த்துச்சு. ஆத்தாளுக்கு மட்டுந்தான், மனுசரு தொடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

டெஸ்ட் அன்னைக்குப் பாலத்து மேல கூட்டம் நிக்க இடமில்ல. கபடி மேட்ச்சுக்கு அப்படி ஒரு கூட்டம் வந்ததில்ல. சுண்டல் விக்கான் ஒருத்தன். மொதல்ல கரிசல். பொய் சொல்லக்கூடாது, நல்லாத்தான் நின்னுச்சு. தண்ணி வேகம் கூடக் கூட அவுங்க ஊருக்காரன் விசிலடிக்கான். பொறவு வெடுக்குன்னு ஒரு கட்டி பிஞ்சுச்சு பாருங்க, எங்க ஆளுக போட்ட சத்தத்துல மேடம் கையில இருந்த கடியாரத்தக் கீழ போட்டுட்டாவ.

அடுத்து எங்க மண்ணு. குழாய் உள்ள எறங்கவே மாட்டேங்குது. ரெண்டு ஆளும் மாத்தி மாத்தி ஏறி நின்னு அமுக்குதான். எப்படியோ எடுத்து வச்சு மோட்டாரப் போட்டாவ. ஒரு துகள் அசையல. வேகத்தக் கூட்டுனாவ. அசையல. இன்னும் கூட்டுனாவ. தொட்டி ஆடுது, வேனு ஆடுது, மண்ணு ஆடல! கடைசியில மோட்டாரு புகைஞ்சு நின்னு போச்சு. மேடம் குனிஞ்சு கண்ணாடிக்குள்ள பாத்தாவ. "இதுல எதுக்கு இத்தன எறும்பு?"ன்னு கேட்டாவ. நல்ல மண்ணத் தேடி வரும்மான்னேன். மோந்து பாத்துட்டு, "சக்கரைப் பொங்க வாசம் வருதே?"ன்னாவ. எங்க ஊருல எப்பவும் ஏதாவது ஒரு அடுப்புல பொங்க கெடக்கும்னேன். அது பொய்யில்ல. இப்படி ஒரு செம்மண்ண நான் படிச்சதே இல்லன்னு சொல்லி, இன்னொரு இடத்துலயும் எடுத்துப் பாக்கணும், மோட்டாரு சரியாகட்டும்னுட்டுப் போனாவ. மச்சான் மொகத்தப் பாக்கணுமே! வடிச்ச கஞ்சி மாதிரி வெளுத்துப் போச்சு.

கல்யாணம் எங்க ஊருல நடந்துச்சு. நானே நின்னு சமைச்சேன். ஓடைக்கரையில பெரிய பிளக்ஸ் வச்சோம். மணமக்கள் படம் ஒரு ஓரத்துல, நடுவுல அந்தத் தொட்டி படம், மேல "வெள்ளம் பணியும் செவக்காட்டு மண்"ணு எழுத்து. வடிவு மட்டும் அதப் பாத்துட்டு, ஏம்ப்பா, இது என் கல்யாணமா, மண்ணுக்குக் கல்யாணமான்னு கேட்டா. சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்.

பொறவுதான் அநியாயம் ஆரம்பிச்சுது. லாரி லாரியாக் கருங்கல்லு வருது தம்பி. எல்லாம் கரிசக்குளத்துப் பக்கம் போகுது! தூணச் சுத்திக் கொட்டுதான், கரையில அடுக்குதான், மேல கம்பி வலையப் போட்டுக் கட்டுதான். எங்க பக்கம் ஒரு சல்லிக்கல்லு கூட எறங்கல. மெர்சி மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உங்க பக்கத்துக்கு இப்ப அவசரமில்ல ஐயா, உங்க மண்ணே கல்லு மாதிரி இருக்கே"ன்னாவ. அப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். நாங்க கரையில உக்காந்து அவுங்களப் பாத்துச் சிரிச்சோம். மண்ணுக்கு முட்டுக் குடுக்கான் பாருன்னோம்.

ஐப்பசியில மழை வந்துச்சு. ஓடையில யானை யானையாத் தண்ணி. கரிசக்குளத்துப் பக்கம் ஒரு கல்லு நகரல. எங்க பக்கம் கரை போச்சு, ரோடு போச்சு, கடைசித் தூணு அப்படியே உக்காந்துருச்சு, பாலத்துல பாதி தண்ணிக்குள்ள தலை குப்புற விழுந்துச்சு. பிளக்ஸும் போச்சு. ஆனா நான் பாகு ஊத்துன இடம் இருக்கே, அது நின்னுச்சு தம்பி! இன்னைக்கும் நிக்கு! சுத்தி எல்லாம் பறிச்சு ஆள் முங்குத கசமாக் கெடக்கு, நடுவுல அது மட்டும் கவுத்துப் போட்ட அண்டா மாதிரி நிக்கு. உச்சியில அந்த வெள்ளக் குச்சி கூட அப்படியே இருக்கு. கொக்கு உக்காருது அதுல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எங்க மண்ணு கரையாதுன்னு சொன்னேன், கரைஞ்சுதா? அவுங்க கல்லு போடாததுதான தப்பு? மண்ணு நல்லா இருக்குன்னா கல்லு போடாம விட்டுருவாவளாக்கும்!

சிரிக்காதிய. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத் தெரியாது. மக அந்தக் கரையில இருக்கா. மாடியில துணி காயப் போடுதது எங்க கரையில இருந்து தெரியும். அப்பான்னு கூப்பிட்டாக் கேக்கும். ஆனா போகணும்னா இந்தா, இந்த வண்டி, அரை நாளு. ஓடையில எறங்கிப் போகலாமேன்னு நெனைப்பிய. கசம் அது, எறங்குனவன் ஏறமாட்டான். வடிவுக்கு மாசமாச்சு. தலைப்பிரசவம் யாரு வீட்டுல பாக்கணும்? பெத்தவன் வீட்டுலதான? அழைச்சுக்கிட்டு வாரேன்னேன். மச்சான் பாலத்து முனையில நின்னு, "இந்த ரோட்டுல வயித்துப் பிள்ளைக்காரிய அனுப்பமாட்டேன் அத்தான், ஆசுபத்திரி எங்க பக்கம் இருக்கு"ன்னான். நியாயந்தான். நியாயமாப் பேசுதவன்ட்ட என்ன சண்டை போட முடியும்? அந்த ஆத்திரத்துல, பாலம் எந்திரிச்ச பொறவுதான் உன் கரையில காலு வைப்பேன்னு சொல்லிட்டேன். பிரமு மட்டும் போனா, பிரசவம் பாக்க. அங்கனயே இருக்கா.

ஆம்பளப் பிள்ளை தம்பி. சாயங்காலம் ஆனா பிரமு கரைக்குத் தூக்கிக்கிட்டு வருவா. நான் இந்தப் பக்கம் நிப்பேன். துணிக்குள்ள என்னமோ இருக்கது தெரியும், மொகம் தெரியாது. யாரு சாடைன்னு கத்திக் கேப்பேன். அவ உங்க சாடைதாம்பா. மச்சான் பக்கத்துல நின்னு எங்க சாடைன்னு கத்துவான். ஊரு பூரா கேக்கும். இந்தக் கையால ஆயிரம் பேருக்குச் சமைச்சேன், என் பேரப்பிள்ளைய இன்னும் தொடல. நாளைக்குப் பேரு வைக்காவ. சபதமாவது ஒண்ணாவதுன்னு இன்னைக்கு ஏறிட்டேன். இந்தா பாருங்க, வெள்ளி அரைஞாண். இந்த ஓலைக் கொட்டான்ல கருப்பட்டி, பிள்ளை பெத்த உடம்புக்குக் களி கிண்ட.

நீங்க அங்கன யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஊதப் போறிய? என்னது? நாயனம் இல்லையா?

குழாயா? மண்ணு எடுக்க குழாயா! மெர்சி மேடம் அனுப்புனாவளா? அட, மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி! நானா பேச விடல? சரி விடுங்க. புதுப் பாலத்துக்குத்தான? இன்னைக்குக் கரிசக்குளத்துப் பக்கம், நாளைக்கு மத்தியானத்துக்கு மேல எங்க பக்கமா? நல்லதாப் போச்சு. காதக் குடுங்க. இந்தத் தடவ உங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. போன வாரம் வந்து குச்சி நட்டுட்டுப் போனாவள்லா, அந்த இடத்த நான் பாத்து வச்சிருக்கேன். பழைய மண்ண எல்லாம் வாரி ஓடையில தள்ளிட்டு, சாம்பலும் உமியும் வறுத்த ரவை மாதிரி மணலும் கலந்து போட்டுருக்கேன். நீங்க குழாய அமுக்கவே வேண்டாம், அதுவா எறங்கும். தண்ணியக் காட்டுனா போதும், ஓடிரும். மோசத்துலயும் மோசம்னு எழுதுங்க. அப்பத்தான மொத்தக் கல்லும் எங்க பக்கம் கொட்டுவாவ. இனி எந்த வெள்ளம் வந்தாலும் அசையாது.

என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரி போகுது? எழுத முடியாதா?

அவ்வளவு மோசம்னா அங்கன பாலமே கட்டமாட்டாவளா? மேல, மூலக்காட்டுப் பக்கம் போயிருமா? அது எங்க கெடக்கு! அங்கன போயி நான் ஓடையத் தாண்டி, என் மக வீட்டுக்கு... அய்யய்யோ. கண்டக்டர்! ஏய் கண்டக்டர்! வண்டிய நிப்பாட்டுய்யா! எறங்கணும்யா!

இல்ல தம்பி, கையப் புடிக்காதிய, விடுங்க. வேற இடத்துல எடுக்கியளா? குச்சி நட்ட இடத்த விட்டுட்டு வேற இடத்துலயா? வேற இடத்த நம்பச் சொல்லுதியளா என்னை? வேற இடந்தானய்யா மொத்தமா வெள்ளத்துல போச்சு! எங்க மண்ணு எனக்குத் தெரியாதா? விடுங்க. இப்ப எறங்கி நடந்தா இருட்டுதுக்குள்ள போயிரலாம். உமிய வாரி எடுத்துட்டு, சுண்ணாம்பு வீட்டுல இருக்கு, கடுக்கா இருக்கு. பொழுது விடியதுக்குள்ள பதம் வந்துரும்.

இந்த அரைஞாணப் புடிங்க. கரிசக்குளத்துல தெய்வநாயகம் வீடுன்னு கேளுங்க, ஓடைக்கரையில மாடி வீடு. என் மக வடிவு கையில குடுத்துருங்க. கொட்டானக் குடுங்க இங்க, கருப்பட்டி எனக்கு வேணும். களி பொறவு கிண்டிக்கிடலாம்னு சொல்லுங்க. இந்தா எறங்கிட்டேன்யா, விசிலடி.

தம்பி! ஜன்னலத் தெறங்க. வடிவுட்ட சொல்லுங்க, நாளைக்குப் பேரு வைக்கும்போது பிள்ளையக் கரைக்குத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுங்க. துணிய வெலக்கி, நல்லா உசரத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. பேரக் கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. நான் எதுத்தாப்புல குழிக்குள்ளதான் நிப்பேன்.